மேற்குப் பதினொருவரில் ஒருவன்

நியூ ஸ்வோல்லே, அயோவா
1909 நவம்பர் 29, திங்கள்

என் ராசா கெரிட்டுக்கு,

உன் பெரியம்மா எழுதுறேன். கர்த்தர் கிருபையால நாங்க சுகம். ரயில் பெஞ்சில உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அது தானாப் போயிரும்.

ஒருத்தனை ஒருத்தன் தள்ளி அமுக்குற இந்த ஃபுட்பாலைப் பாக்கப் போறது பாவம்னு நம்ம போதகர் இந்த வருஷமே ரெண்டு பிரசங்கம் பண்ணிட்டாரு. ரெண்டுக்கும் முன்வரிசையில உக்காந்து பலமா தலையாட்டினவ நான். அப்பேர்ப்பட்டவ நன்றி நாள் அன்னைக்கு, அந்தக் குளிர்ல, பெஞ்சு மேல ஏறி நின்னு "விடாதடா! அமுக்குடா அவனை!"ன்னு கத்தியிருக்கேன். பக்கத்துல கோரா தோர்ப் இருந்தா. "ஆன்ட்டி, தொப்பி விழுந்துருச்சு"ன்னு எடுத்துக் குடுக்குறா. வருங்கால மருமக முன்னாடி என் மானமே போச்சு. ராத்திரி முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனா நீ அந்த ஓமஹாக்காரங்களைத் தூக்கிப் போட்டதுக்கு நன்றியும் சேத்துத்தான் சொன்னேன்.

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எல்லாரும் சேத்துல புரண்டு எழுந்த பன்னிக்குட்டிங்க மாதிரி ஆயிட்டீங்க. யாரு நம்மாளு, யாரு ஓமஹாக்காரன்னே தெரியலை. நான் உன்னை எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? வலது முழங்கையில நான் போட்டுக் குடுத்த நீல ஒட்டு. சேறு அப்பினாலும் அது தெரிஞ்சுது. அந்தப் பெரிய தடியன் பந்தைக் கட்டிக்கிட்டு ஓடி வர்றான், நீல ஒட்டு குறுக்க பாயுது, தடியன் கீழ. மறுபடி வர்றான், மறுபடி நீல ஒட்டு. கடைசியில எல்லைக் கோட்டுக்குக் கிட்ட வந்துட்டான். நான் கண்ணை மூடிட்டேன். திறந்து பாத்தா அவன் கால் ரெண்டையும் நீ கட்டிப் பிடிச்சுக் கிடக்குற.

எவர்ட் மேல பலகைக் கூண்டுல, சிகாகோ பத்திரிகைக்காரர் லூமிஸ் பக்கத்துல உக்காந்திருந்தான். அக்டோபர்ல இடது தோள் எலும்பு ஒடிஞ்சு ஆட முடியாம வீட்டுக்கு வந்துட்டாலும் என் மகனுக்கு நல்ல இடம்தான் கிடைச்சுது. யாரு ஓடினது, யாரு மடக்கினதுன்னு அவர் கேக்கக் கேக்க இவன் பேர் சொல்லணுமாம். அவருக்கு உங்க மூஞ்சி தெரியுமா பாவம்? எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பையன் ஒருத்தனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் எழுதுவாராம்.

வர்ற ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மேற்குப் பதினொருவர் பட்டியல் வருதுன்னு எவர்ட் சொன்னான். மேற்குச் சீமைக் கல்லூரி எல்லாத்துலயும் அலசிப் பொறுக்கின பதினோரு பேர். உன் பேர் அதுல வந்துட்டா டென்வர் பள்ளிக்கூடத்துல கோச் வேலை உனக்குத்தான். எட்டு வயசுல அம்மா அப்பா இல்லாம என் வீட்டுக்கு வந்தவன், இனிமே அடுத்தவன் மாட்டுல பால் கறக்க வேண்டாம். ஓய்வுநாள்ல நான் பேப்பரைத் தொட மாட்டேன்னு உனக்கே தெரியும். திங்கக்கிழமை காலையில காப்பியோட பாத்துக்குவேன். அதுவரைக்கும் ஜெபம்தான்.

உன் பெரியம்மா
ஹென்ட்ரிகா


மார்ஷ்டன் கல்லூரி
டிசம்பர் 7, செவ்வாய்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நேற்றே பார்த்திருப்பீர்கள். என் பெயர் இல்லை. ஓர ஆட்டக்காரர் இடத்தில் கோராவின் அண்ணன் மெர்ரில் தோர்ப்பின் பெயர் இருக்கிறது.

அவன் தேர்வானதற்காக நான் பொறாமைப்படவில்லை. என்னைவிட நன்றாக ஆடியிருந்தால் நானே கை கொடுத்திருப்பேன். ஆனால் லூமிஸ் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? ஓமஹாக்காரனை மூன்று முறை தனியாக மடக்கியது தோர்ப்பாம். கோட்டருகே இரண்டு காலையும் பற்றி நிறுத்தியதும் தோர்ப்பாம். அந்த நேரத்தில் மெர்ரில் மைதானத்தின் மறுபக்கத்தில் மூக்கில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான். அவனுக்கே அது தெரியும். சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்க்காமல், "பத்திரிகைக்காரனுங்க கண்ணு அப்படித்தான்டா, நான் என்ன பண்ண?" என்றான்.

கோச்சிடம் போனேன். அவர் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டே, "கெரிட், எல்லா ஊர்க் கோச்சும் தன் பையனுக்காக லூமிஸுக்கு எழுதுறான். அந்த ஆளு எல்லாத்தையும் அடுப்புல போடுறான். இதுல நீங்க ரெண்டு பேருமே என் பசங்க. ஒருத்தனுக்காக இன்னொருத்தனை எப்படிக் குறை சொல்லுவேன்?" என்றார். மைதானத்துப் பெஞ்சுகளுக்கு மரம் கொடுத்தவர் மெர்ரிலின் அப்பா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டென்வர் தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். பள்ளி நிர்வாகத்தார் பட்டியலில் இருக்கும் ஒருவனைத்தான் ஒத்துக்கொள்வார்களாம். பட்டியல் திருத்தப்பட்டால் தெரிவிக்கவும், ஜனவரி முடியும்வரை இடத்தை நிறுத்திவைக்கிறேன் என்கிறார்.

பெரியம்மா, நீங்கள் கோச் இல்லை, ஆட்டக்காரர் இல்லை. நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததை மட்டும் லூமிஸுக்கு எழுதுவீர்களா?

உங்கள்
கெரிட்


நியூ ஸ்வோல்லே
டிசம்பர் 10

என் தங்கமே,

எழுதிட்டேன்டா. நீ கேக்குறதுக்கு முன்னாடியே பேனாவை எடுத்துட்டேன், உன் கடிதாசி வந்ததும் இன்னும் நாலு வரி காரமாச் சேத்தேன்.

திங்கக்கிழமை காலையில எவர்ட்தான் சத்தமாப் படிச்சான். "தோர்ப், தோர்ப், தோர்ப்"னு வருது. "ஏன்டா, நம்ம கெரிட் எங்கடா? அவன் என்ன மாவுல விழுந்த உப்பா, கண்ணுக்குத் தெரியாம போறதுக்கு?"ன்னு கேட்டேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு மாட்டைப் பாக்கப் போயிட்டான். ரொட்டியைப் பாதியில விட்டுட்டான். உனக்காக அவனுக்கும் மனசு கஷ்டம்தான்.

லூமிஸுக்கு என்ன எழுதினேன்னு கேளு. "ஐயா, நான் ஒரு விதவை, சபையில ஞாயிறு பள்ளி நடத்துறவ. சின்னப் பிள்ளைங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் குடுக்குறேன். அதுல பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற ஒன்பதாவது கட்டளை உங்க பத்திரிகைக்கும் சேத்துத்தான். அந்த மூணு தடவையும் கோட்டுக் கிட்டயும் மடக்கினது என் தங்கச்சி மகன் கெரிட். அவன் சட்டையில ஒட்டுப் போட்டது இந்தக் கை. நியாயத்தீர்ப்பு நாள்ல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்"னு எழுதினேன்.

படிச்சுப் பாத்து எனக்கே பயமா இருந்துச்சு. ஒருவேளை ரொம்ப ஜாஸ்தியோ? இருக்கட்டும். உண்மையைச் சொல்றவளுக்கு என்ன பயம்?

கம்பளி உள்சட்டை போடு. கோராவுக்கு மேசை விரிப்பு பின்னிக்கிட்டிருக்கேன், ஓரத்துல டூலிப் பூ.

பெரியம்மா


மார்ஷ்டன்
டிசம்பர் 20

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். லூமிஸ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருப்பார்.

பதில் வந்ததா? கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. விடுமுறையில் கல்லூரிக் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை எடுத்திருக்கிறேன்.

ஒன்று தோன்றுகிறது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். எவர்ட் லூமிஸின் பக்கத்திலேயே இருந்தான் அல்லவா? அந்த இரைச்சலில் அவன் சொன்ன பெயர் அவர் காதில் சரியாக ஏறாமல் போயிருக்கலாம். எவர்ட்டே ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்துவிடும். அவன் சொன்னால் லூமிஸ் தட்ட மாட்டார். நான் அவனுக்குத் தனியாக எழுதினேன், பதில் இல்லை. கல்யாண மயக்கத்தில் இருக்கிறான் போலிருக்கிறது. அவன் காதைப் பிடித்து மேசையில் உட்கார வையுங்கள்.

கெரிட்


நியூ ஸ்வோல்லே
டிசம்பர் 27

அன்பு மகனுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியா முடிஞ்சுது. பிள்ளைங்க பாட்டு நல்லா இருந்துச்சு, மேய்ப்பனா நின்ன பொடியன் மட்டும் நடுவுல தூங்கிட்டான். ஆப்பிள் போட்ட எண்ணெய்ப் பணியாரம் செஞ்சேன், உன் பங்கைத் தபால்ல அனுப்பியிருக்கேன். பனி ஜாஸ்தி. கோழி முட்டை போடுறதை நிறுத்திருச்சு. தோர்ப் வீட்டுக்காரங்க ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் போனாங்க. பணக்காரங்கன்னு ஒரு கர்வம் கிடையாது. டவுன்ல மரக்கடையை எவர்ட் கையில விடப் போறாங்களாம். ஏப்ரல்ல கல்யாணம்.

நீ கேட்டது. சிகாகோவிலிருந்து ஒண்ணும் வரலைடா. பெரிய பத்திரிகைக்காரர், நம்மள மாதிரி கிராமத்துக்காரிக்குப் பதில் போடவா போறாரு. எவர்ட்டுக்குக் கை வலி, எழுத முடியலை. உன்னை விசாரிச்சான்.

எதுவும் தேவ சித்தம்தான். சில சமயம் நாம கேக்குறது நமக்கு நல்லதில்லைன்னு அவருக்குத் தெரியும். கோச் வேலையில பெரிய நிம்மதி என்ன இருக்கு சொல்லு? தோத்தா ஊரே திட்டும்.

பெரியம்மா


சிகாகோ
1910 ஜனவரி 6

பெரியம்மாவுக்கு,

எவர்ட்டுக்கு ஒடிந்தது இடது தோள். அவன் எழுதுவது வலது கையால். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் கரி தள்ளிய கூலியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

லூமிஸ் நான் நினைத்தது போல் கெட்ட மனிதர் இல்லை. மேசை நிறையக் காகிதம், சட்டையெல்லாம் சாம்பல். பெயரைச் சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் நீல ஒட்டா? உன் பெரியம்மா என்னை நேரா நரகத்துக்கே அனுப்பிட்டாங்கப்பா."

"அவங்களுக்கு நீங்க பதில் போடலையே சார்."

"யாரு சொன்னது? மறுநாளே போட்டேன். தம்பி, நான் அன்னைக்குப் பாத்தது சேறு மட்டும்தான். யாரு மடக்கினதுன்னு கேட்டேன், பக்கத்துல கையைத் துணியில கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருந்த பையன் தோர்ப்னான். மறுபடி கேட்டேன், தோர்ப்னான். கோட்டுக் கிட்ட நடந்ததுக்கு, நல்லாப் பாத்தியான்னு ரெண்டாவது தடவை வேற கேட்டேன். 'நல்லாத் தெரியும் சார், ஒரே வீட்டுல வளர்ந்த மாதிரி எனக்கு அவங்களைத் தெரியும்'னான். அவனும் உங்க பெரியம்மா மாதிரி டெ விட்னு பேர் வச்சிருக்கானே, அவன் யாருன்னு அந்த அம்மாவையே கேட்டிருந்தேன். அவனே ஒரு வரி எழுதட்டும், அடுத்த ஞாயிறே திருத்திப் போடுறேன்னும் எழுதினேன்."

அவர் தண்ணீர் கொடுத்தார்.

பெரியம்மா, நானும் எவர்ட்டும் ஒரே கட்டிலில் தூங்கி வளர்ந்தோம். நான் ஓடும் விதம், விழும் விதம் எல்லாம் இருட்டிலும் அவனுக்குத் தெரியும். அவன் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். கோராவின் அண்ணனுக்கு ஒரு கல்யாணப் பரிசு. கொடுத்தது என்னுடையதிலிருந்து.

அதைக்கூட ரயிலில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டேன் என்று வையுங்கள். நீங்கள் "ஒண்ணும் வரலை" என்று எழுதியதை விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைத் தொடாத கை அது.

லூமிஸ் ஒன்று சொன்னார். "பையன் எழுத மாட்டான்னா அவங்க அம்மா எழுதட்டும். கோச்சு சொன்னா நம்ப மாட்டேன், ஆட்டக்காரன் சொன்னா நம்ப மாட்டேன். பெத்த பிள்ளைக்கு எதிரா ஒரு தாய் எழுதினா, நம்பாம இருக்க முடியுமா? ஆனா ஏன் தப்பு வந்ததுன்னும் நான் போட்டாகணும். பையன் பேர் பத்திரிகையில வரும். அதை அவங்க கிட்ட மறைக்காதே." மறைக்கவில்லை.

டென்வரில் ஜனவரி முடியும்வரை காத்திருப்பார்கள். எழுதுவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கெரிட்


நியூ ஸ்வோல்லே
ஜனவரி 14

கெரிட்,

உன் கடிதாசியை மாவு டப்பாவுக்குப் பின்னாடி வச்சுட்டு மூணு நாள் அந்தப் பக்கமே போகலை. இன்னைக்குத்தான் எடுத்தேன்.

லூமிஸ் கடிதாசி வந்த அன்னைக்கே எவர்ட்டைக் கேட்டேன். மாட்டுக் கொட்டாயில, வாளியைக் கீழ வைக்காமயே கேட்டேன். "நீயாடா சொன்னே?"ன்னேன். பொய் சொல்லுவான்னு நினைச்சேன். சொல்லலை.

"ஆமாம்மா. முதல் தடவை வாய் தவறித்தான் வந்துச்சு, கோரா அப்பா எனக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தாரு. மெர்ரில்னதும் என் முதுகுல தட்டிக் குடுத்தாரு. அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை"ங்கிறான்.

"கெரிட்டோட பொழைப்புடா அது!"

"கெரிட்டு எங்க போட்டாலும் முளைச்சுக்குவான்மா. எனக்கு இந்த ஒரு இடம்தான். இப்ப எழுதிக் குடுத்தா அவங்க அப்பா என்னை வாசப்படி ஏத்துவாரா?"

அழுதான்டா. இருபத்திரண்டு வயசு ஆம்பளை, பசு மேல சாஞ்சுக்கிட்டு அழுதான். நான் அடிச்சேன். அடிச்சுட்டு ஏப்ரன் நுனியால மூக்கைத் துடைச்சுவிட்டேன்.

நான் தினமும் ஜெபத்துல கேட்டேன். என்ன பதில் வந்துச்சுன்னு எழுத ஆசையா இருக்கு, ஆனா ஒண்ணும் வரலை. இது நிஜமாவே வரலை. கடைசியில நானேதான் முடிவு பண்ணினேன், தேவன் மேல போடலை. நான் எழுத மாட்டேன். நான் கண்ணால பாத்தது நிஜம், உன்னைத்தான் பாத்தேன். ஆனா பெத்த பிள்ளை பேரைப் பொய்யன்னு சிகாகோ பேப்பர்ல போட இந்தக் கை வராதுடா. ஊர்ல தலை காட்ட முடியுமா அவன்? சபையில முன்வரிசையில நான் உக்கார முடியுமா?

நீயும் என் பிள்ளைதான். அதனாலதான் உன் கிட்ட கேக்குறேன், வெளி ஆளு கிட்ட கேக்க முடியாது. இதை விட்டுடு. வெளிய சொல்லாத. பண்ணையில பாதியை உன் பேருக்கு எழுதித் தர்றேன். கல்யாணத்துக்கு வந்து எவர்ட் பக்கத்துல நில்லு. ஊர் எதுவும் பேசாது.

பெரியம்மா


லெட், தென் டக்கோட்டா
பிப்ரவரி 19

திருமதி டெ விட் அவர்களுக்கு,

டென்வர் இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் இங்கே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். படிப்பை முடிக்கவில்லை.

பண்ணையில் பாதி வேண்டாம். நான் உங்கள் பிள்ளை என்பதால் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். எவர்ட்டும் உங்கள் பிள்ளைதான், அவனிடம் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே சொல்ல மாட்டேன். இங்கே யாருக்கும் ஃபுட்பாலில் அக்கறை இல்லை. கல்யாணத்துக்கு வர மாட்டேன்.

கெரிட்


நியூ ஸ்வோல்லே
ஏப்ரல் 25

கெரிட்டுக்கு,

நீ பதில் போட மாட்டேன்னு தெரியும். பெரியம்மான்னு கூப்பிடலைன்னாலும் எழுதுறேன்.

கல்யாணம் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை, தோர்ப் வீட்டுல விருந்து. வறுத்த வாத்து, பெரிய கேக்கு, வெள்ளி டம்ளர்ல காப்பி. நம்ம போதகரும் வந்திருந்தாரு, உங்க கோச்சும் வந்திருந்தாரு. யாராவது கெரிட் ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே போனேன். யாரும் கேக்கலை.

சாப்பாடு முடிஞ்சதும் மெர்ரில் எழுந்து நின்னான். மாப்பிள்ளையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்னான். "என் மச்சான் மாதிரி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பான்? நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், மேல கூண்டுல இருந்து எனக்காக நாலு பேரை மடக்கிட்டான் இவன்! ஒத்தைக் கையால என்னை மேற்குப் பதினொருவர்ல தூக்கி உக்கார வச்சவன்!"னான்.

இப்பத் தெரிஞ்சுருச்சு எல்லாருக்கும், எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

சிரிச்சாங்கடா. மேசையே குலுங்குச்சு. கோரா "அண்ணா, இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லுவே?"ங்கிறா. அவ அப்பா கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாரு. கோச்சு குழாயைக் கடிச்சுக்கிட்டு தலையை ஆட்டுறாரு. போதகர் "பசங்க குறும்பு"ன்னுட்டு இன்னொரு துண்டு கேக்கு கேட்டாரு. அந்த வீட்டுல டிசம்பர்லேர்ந்தே எல்லாருக்கும் தெரியுமாம். நான் பொத்திப் பொத்தி வச்சதை அவங்க காப்பிக்குத் தொட்டுக்கிட்டிருக்காங்க. எந்த மானத்துக்காக உன்னை விட்டேனோ, அந்த மானத்தை யாருமே என் கிட்ட கேக்கவே இல்லை.

அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க, மாப்பிள்ளையோட அம்மா என்ன சொல்றாங்கன்னு பாக்க. எவர்ட்டும் பாத்தான்.

நானும் சிரிச்சேன், கெரிட்.

ஹென்ட்ரிகா